முதலில் ஒதுங்கு, அப்புறம் அடி: கேட் குவெஸ்ட் ஆடப் புதிதாக வருபவர்களுக்கு

ஏப்ரல் 15 வந்துவிட்டால் பாம்பனில் விசைப்படகுகள் கரையோடு நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முதல் இரண்டு வாரம் வலையில் கிழிசல் பார்ப்பதிலும் படகுக்கு வர்ணம் அடிப்பதிலும் ஓடிப்போகும். அதற்குப் பிறகு எங்கள் அப்பாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அப்படி ஒரு மத்தியானம் நான் லேப்டாப்பில் ஆடிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்தவர், “என்ன தாயி, பூனை வாளெடுத்துச் சண்டை போடுது?” என்று கேட்டார். கேம் ஆடுகிற பொத்தான் கருவியை, அதாவது கன்ட்ரோலரை, அவர் கையில் கொடுத்தேன்.

வாழ்நாளில் ஒரு வீடியோ கேம்கூட ஆடாதவர் அவர். தடைக்காலம் முடிவதற்குள் கதையை முடித்துவிட்டார். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததன் பலன். எனக்குத் தோன்றிய வரிசையில் சொன்னபோது அவருக்கு எதுவும் ஏறவில்லை. அவர் எங்கெங்கே தடுக்கினாரோ அந்த வரிசையில் சொன்னபோதுதான் ஏறியது. அதே வரிசையில் இங்கேயும் எழுதுகிறேன்.

இது என்ன ஆட்டம்

கேட் குவெஸ்ட் 2017ல் வந்தது. செய்தவர்கள் தி ஜென்டில்புரோஸ் என்ற சிறு குழு, ஊர் சிங்கப்பூர். கீழக்கரை, தொண்டிப் பக்கத்துச் சபுராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த அதே சிங்கப்பூர்தான். ‘ஆக்‌ஷன் ஆர்பிஜி’ என்று இந்த வகையைச் சொல்வார்கள். நாம் நடத்தும் பாத்திரம் சண்டைபோட்டு, அனுபவம் சேர்த்து, லெவல் லெவலாக வலுவேறிக்கொண்டே போகும். சண்டை முறைவைத்து நடக்காது, கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும்.

கதை எளிது. நாம் ஒரு பூனை. தங்கையோடு கடலில் போகும்போது டிராகோத் என்ற வெள்ளைப் பூனை தாக்கி, தங்கையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். நம் பூனை கரையொதுங்கிக் கண்விழிக்கிறது. கூடவே ஸ்பிரி என்ற சிறு ஆவி பறந்து பறந்து வழி சொல்கிறது. ஃபெலின்கார்ட் என்ற அந்த நாடு முழுக்கப் பூனைகள்தான். நாட்டையே ஒரு பழைய வரைபடம் போல வரைந்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர்கள் தரையிலேயே பெரிய எழுத்தில் கிடக்கும், அவற்றின் மேலேயே பூனை ஓடும். எனக்கு இந்த ஆட்டத்தின்மேல் முதலில் ஆசை வந்தது இதைப் பார்த்துத்தான்.

புதியவர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. கேம் சிறியது, கதையை மட்டும் பிடித்துப் போனால் ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரத்தம் கிடையாது. பழைய லேப்டாப்பிலும் ஓடும், போனிலும் கிடைக்கும். ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே ஆடலாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

தமிழ் இல்லை. அது ஒரு குறைதான், மனதுக்குக் கஷ்டமாகவே இருக்கிறது. ஆனால் பேச்சு எல்லாம் எழுத்தில்தான் வரும், நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை அப்படியே நிற்கும், அவசரமே இல்லை. பல சொற்களைப் பூனைக்கேற்ற மாதிரி முறுக்கி வைத்திருப்பார்கள். பூனை உறுமும் ‘பர்’, பூனைப் பாதத்துக்கான ‘பா’, கத்தலுக்கான ‘மியூ’ எல்லாம் சொல்லுக்கு நடுவில் புகுந்துகொள்ளும். அகராதியில் தேடினால் கிடைக்காது. தேடவும் வேண்டாம். லெவல், ஹெல்த் (உயிர்), அட்டாக் (அடியின் வலு), மேஜிக் (மந்திரம்), ஆர்மர் (கவசம்) என்ற ஐந்து சொல்லை அடையாளம் கண்டுகொண்டால் ஆட்டம் நகரும். படகில் ஜிபிஎஸ் கருவியின் எண்ணையும் அம்புக்குறியையும் வைத்தே கடலில் போய்வந்த எங்கள் அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தொடங்குவதற்கு முன்

போனில் ஆடுவதானால் விரல் போதும். அழுத்திப் பிடித்த பக்கம் பூனை ஓடும், எதிரியைத் தட்டினால் அடிக்கும், திரையில் சுண்டினால் உருளும். ஆனால் விரல் திரையை மறைக்கும். அடுத்துச் சொல்லப்போகிற விஷயத்துக்குத் தரை முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால் முடிந்தால் லேப்டாப்பும் கன்ட்ரோலரும் என்பதே என் சிபாரிசு.

கன்ட்ரோலர் வாங்கும்போது கடையிலேயே ஒவ்வொரு பொத்தானையும் இருபது தடவை அழுத்திப் பாருங்கள். நான் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் விலை குறைவு என்று பார்க்காமல் வாங்கிவந்தது, உருளும் பொத்தான் மூன்றாம் நாளே உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். இந்த ஆட்டத்தில் அடிக்கிற பொத்தானைவிட உருள்கிற பொத்தான்தான் உயிர்.

கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நம்ம உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிற மாதிரி யூஎஸ்பி முனையையும் தின்றுவிடும். ஆடி முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து, மூடி இறுகுகிற பிஸ்கட் டின்னில் போட்டுவையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்கள் இரண்டை உள்ளே போட்டால் நல்லது. மணல் ஒட்டிய கையோடு தொடாதீர்கள். சின்ன வேலைதான், என் இரண்டாவது கன்ட்ரோலர் இதனால்தான் இன்னும் உழைக்கிறது.

வட்டத்தைப் பாருங்கள்

முதல் பத்து நிமிடம் சண்டையே வேண்டாம். பூனையை ஓடவிடுங்கள், உருளவிடுங்கள். புதரை வெட்டினால் காசு சிதறும், வெட்டிப் பழகுங்கள். எந்தப் பொத்தான் எது என்று கண்ணால் பார்க்காமல் விரல் போகும்வரை இதைச் செய்யுங்கள்.

பிறகு முதல் எதிரியிடம் போங்கள். இங்கேதான் எல்லோரும் தடுக்குவார்கள். புதிதாக ஆடுபவர்கள் அடிக்கிற பொத்தானை விடாமல் அழுத்துவார்கள். பூனையும் விடாமல் அடிக்கும், சில வினாடியில் செத்தும் போகும். அப்பா ஒரே கூட்டத்திடம் ஏழு தடவை செத்தார். “கொஞ்சம் ஒதுங்குங்கப்பா” என்று நான் சொல்லச் சொல்ல, எங்கே ஒதுங்குவது, எப்போது ஒதுங்குவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

எட்டாவது தடவை பூனையை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கச் சொன்னேன். எதிரி அடிக்கத் தயாராகும்போது அவனைச் சுற்றித் தரையில் சிவப்பாய் ஒரு வட்டம் விழும். வட்டம் உள்ளே நிறைந்துகொண்டே வரும். நிறைந்து முடிந்த நொடியில் அடி இறங்கும். வட்டத்துக்குள் நின்றால் அடி, வெளியே நின்றால் ஒன்றுமில்லை.

அப்பா அடிப்பதை நிறுத்திவிட்டு நாலைந்து வட்டத்தைப் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “இது வீச்சுவலை தாயி” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். வடகடலில் முழங்கால் தண்ணீரில் நின்று வீச்சுவலை வீசும்போது வலை காற்றில் வட்டமாக விரிந்து இறங்கும். ஓரம் முழுக்க ஈயக்குண்டு. குண்டு தண்ணீரைத் தொட்டுத் தரைக்குப் போய்விட்டால் உள்ளே இருக்கிற மீன் உள்ளேதான். “நிழல் விழுந்த உடனே ஓரத்துக்குப் பாயுற மீனுதான் பொழைக்கும். நடுவுல நின்னு யோசிக்கிற மீனு நமக்கு. இங்க அவன் வலை வீசுறான், நாம மீனு.”

அன்று சாயங்காலம் அதே கூட்டத்தை ஓர் அடிகூட வாங்காமல் முடித்தார்.

இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. ஆகவே ஒழுங்கு இதுதான்: கிட்டே போய் இரண்டு மூன்று அடி அடியுங்கள். வட்டம் விழுந்த உடனே, நிறையும்வரை காத்திருக்காமல், அருகில் இருக்கிற ஓரத்தின் பக்கம் உருளுங்கள். ஓரத்துக்கு வெளியே ஓர் எட்டுத் தூரத்தில் நில்லுங்கள். ரொம்பத் தூரம் ஓடிவிட்டால் திரும்பி வருவதற்குள் அடுத்த வட்டம் விழுந்துவிடும். அவன் அடி வெறுந்தரையில் இறங்கியதும் உள்ளே புகுந்து மறுபடி இரண்டு மூன்று அடி. ‘இன்னும் ஒரே ஓர் அடி போதும், செத்துவிடுவான்’ என்று தோன்றும் நேரத்தில்தான் பெரும்பாலும் நாம் சாவோம். அந்த ஓர் அடியை விட்டுவிடுங்கள்.

எதிரிகள் கூட்டமாக நின்றால் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும், தப்பிக்க ஓரமே தெரியாது. நடுவில் போய் விழாமல் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவனைச் சீண்டி, அவன் துரத்தி வரும் வழியில் பின்வாங்கித் தனியாக முடியுங்கள். கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லை.

அடித்தால்தான் மந்திரம்

சீக்கிரமே மந்திரங்கள் கிடைக்கும். முதலில் ஃபிளேம்பர், பூனையைச் சுற்றி நெருப்பு கிளம்பும். ஹீலிங் பா உயிரைக் கூட்டும். ஃபிரீஸ்பா உறையவைக்கும். ஒரே நேரத்தில் நாலு மந்திரம் கையில் வைத்துக்கொள்ளலாம், கன்ட்ரோலரின் தோள்பக்கம் இருக்கிற நாலு பொத்தானுக்கு நாலு.

மந்திரம் போட மானா என்ற மந்திர சக்தி வேண்டும். அது தானாக ஊறுகிற சரக்கு என்று நினைத்து எல்லோரும் சேமித்து வைப்பார்கள். இந்த ஆட்டத்தில் எதிரியை வாளால் அடிக்க அடிக்கத்தான் மானா ஏறும். அதனால் மிச்சம் பிடிப்பதில் லாபம் எதுவும் இல்லை. நெருப்பைப் போடு, வட்டத்துக்கு வெளியே உருளு, உள்ளே வந்து நாலு அடி அடி, மானா ஏறியதும் மறுபடி நெருப்பு. இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிடும். துடுப்பு வலிப்பது போல ஒரு சீர் அதில் இருக்கிறது.

ஹீலிங் பாவுக்கு மட்டும் கொஞ்சம் மானாவை எப்போதும் ஒதுக்கிவையுங்கள். உயிர் பாதிக்குக் கீழே போனதுமே போட்டுவிடுங்கள். கடைசிச் சொட்டுவரை காத்திருந்தால் பதற்றத்தில் விரல் வேறு பொத்தானுக்குப் போகும்.

மந்திரங்களை வலுவாக்க, அவற்றைக் கற்றுக்கொடுக்கும் கோயில்களில் காசு கட்ட வேண்டும். புதியவர்களுக்கு என் யோசனை: கையில் வரும் முதல் காசை ஹீலிங் பாவிலும் ஃபிளேம்பரிலும் போடுங்கள். மற்ற மந்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து முயன்று பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம்.

எந்த வேலையை எடுப்பது

ஒவ்வொரு ஊரிலும் ஒரு பலகை நிற்கும். ஊர்க்காரப் பூனைகள் கேட்கிற உதவிகள் அதில் இருக்கும். எடுத்தவுடன் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டும். ஒவ்வொரு வேலைக்கும் லெவல் எண் போட்டிருப்பார்கள். குகை வாசலிலும் எண் இருக்கும், எதிரிகள்மேலும் எண் இருக்கும்.

அந்த எண்ணை மதியுங்கள். உங்கள் லெவலுக்குச் சமம், அல்லது இரண்டு மூன்று கூட, அவ்வளவுதான். நான் முதன்முதலில் ஆடியபோது எட்டாம் லெவலில் இருந்துகொண்டு இருபதுக்கு மேல் எண் போட்ட குகைக்குள் போனேன். உள்ளே நல்ல பெட்டி இருக்கும் என்று ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. ஒரே அடியில் சாவேன், கடைசியாகத் தூங்கிய ஊரில் எழுவேன், மறுபடி ஓடுவேன். அன்று கேமையே அழித்துவிடலாம் என்று இருந்தது. ஒரு வாரம் கழித்து லெவல் ஏறிப் போனபோது அதே குகை கால்மணி நேரத்தில் முடிந்தது.

முதன்மைக் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினாலும் ஓரிடத்தில் இதே சுவரில்தான் முட்டுவீர்கள். அப்பாவுக்கு அந்த அவசரம் இருந்தது. “தங்கச்சியப் பிடிச்சு வச்சிருக்கான், நீ சந்தைக்குச் சாமான் கொண்டுபோகச் சொல்ற” என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். ஆனால் பலகை வேலை மூன்று, குகை ஒன்று, பிறகு கதையில் ஒரு படி என்று மாற்றி மாற்றிப் போவதுதான் இந்த ஆட்டத்துக்குச் சரியான நடை. தங்கை காத்திருப்பாள், நேரக்கெடு எதுவும் கிடையாது. அதோடு பலகை வேலைகளில் சின்னச் சின்னக் கதைகள் இருக்கின்றன. சில சிரிக்கவைக்கும், ஒன்றிரண்டு மனதைப் பிடிக்கும். அவற்றைத் தவறவிட்டால் பாதி ஆட்டத்தைத் தவறவிட்ட மாதிரி.

குகைக்குள் போனால் ஒரு பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிவாருங்கள். நடுவில் புகுந்து புகுந்து போனால் எந்தப் பெட்டியைத் திறந்தோம், எதை விட்டோம் என்று குழம்பும்.

தூங்குங்கள்

ஊருக்குள் வந்து பூனையைத் தூங்கவைத்தால் உயிர் நிரம்பும், ஆட்டமும் சேமிப்பாகும். செத்தால் திரும்ப எழுவதும் கடைசியாகத் தூங்கிய இடத்தில்தான். ஆகவே குகைக்கோ பெரிய சண்டைக்கோ போகுமுன் பக்கத்து ஊரில் ஒரு தூக்கம். லேப்டாப்பை மூடுமுன் ஒரு தூக்கம். மழைக்கோப்பு தெரிகிறது, கரண்ட் போகும் என்று தோன்றினால் உடனே ஒரு தூக்கம்.

கிட் கேட் கடை

வாள், உடுப்பு, தலைக்கவசம் என்று மூன்று வகைச் சாமான். குகைகளில் கிடைக்கும், இல்லாவிட்டால் கிட் கேட் என்ற கொல்லப் பூனையிடம் காசு கொடுத்துப் பெட்டி வாங்கலாம். உள்ளே என்ன என்று முன்கூட்டித் தெரியாது, குருட்டு அதிர்ஷ்டம்தான். ஏற்கெனவே வைத்திருக்கும் சாமானே மறுபடி வந்தால் வருத்தப்படாதீர்கள். பழையதோடு சேர்ந்து அதன் லெவல் ஏறும், வீணே போகாது. கொடுப்பது நம் கைக்காசு இல்லை, ஆட்டத்துக்குள் சம்பாதித்த காசுதான்.

வாளுக்குப் பதில் மந்திரக்கோல் வகைகள் வரும். அவை மேஜிக் எண்ணைக் கூட்டி அட்டாக்கைக் குறைக்கும். முதல் தடவை ஆடுபவர்கள் வாளோடும் நல்ல ஆர்மரோடும் போவதே பத்திரம். போட்ட சாமான் பூனைமேல் அப்படியே தெரியும். எண் குறைவாக இருந்தாலும் அழகுக்காகவே ஒரு தொப்பியை அப்பா கடைசிவரை கழற்றவில்லை. ஆட்டம் அதற்கும் இடம் கொடுத்தது.

கடல் திறக்கும் வரை

தொடக்கத்தில் பூனையால் தண்ணீரில் இறங்க முடியாது. கரையில் நின்றால் எதிரே தீவுகள் தெரியும், பெட்டிகள் தெரியும், போக வழியிருக்காது. வழி தேடி அலைய வேண்டாம். முதன்மைக் கதையில் ஒரு கட்டம் தாண்டியதும் தண்ணீர்மேல் நடக்கும் வித்தை கிடைக்கும், அதற்கும் அப்புறம் பறக்கவே கற்றுக்கொள்ளும். ஆகவே கதையை ரொம்பவும் தள்ளிப்போடாமல் அந்தக் கட்டம்வரையாவது கொண்டுபோய்விடுங்கள். அதன் பிறகு நாடு முழுக்கச் சுற்றலாம்.

அப்பாவின் பூனை முதன்முதலாகத் தண்ணீரில் கால் வைத்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். “தாயி, இங்க வா” என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் பூனை அலைமேல் நடந்துகொண்டிருக்கிறது. எதிரியும் இல்லை, வேலையும் இல்லை. கரையை ஒட்டியே ஒரு சுற்று, பிறகு தீவைச் சுற்றி ஒரு சுற்று. ராமேசுவரத்தில் தொட்டித் தண்ணீரில் மிதக்கும் கல்லைச் சின்ன வயதில் எனக்குக் காட்டியபோது அவர் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. இந்த இடத்துக்கு வரும்போது நீங்களும் அம்புக்குறியை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நடந்து பாருங்கள்.

முடித்த பிறகு

கதை முடிந்தால் ‘மியூ கேம்’ என்று முதலிலிருந்து தொடங்கும் ஒரு வழி திறக்கும். விருப்பப்பட்ட கட்டுப்பாடுகளைச் சேர்த்துக் கடினமாக்கிக்கொள்ளலாம். வட்டத்திலிருந்து தப்புவது கைக்கு நன்றாக வந்தவர்களுக்கு அது. மற்றவர்கள் விட்டுப்போன குகைகளை முடித்தாலே போதும்.

2019ல் இரண்டாம் பாகமும் 2024ல் மூன்றாம் பாகமும் வந்தன. மூன்றாவது கடற்கொள்ளையர் கதை, கப்பலிலேயே சுற்றலாம். ஆனால் வீட்டில் இரண்டு பேர் இருந்தால் அடுத்ததாக இரண்டாம் பாகத்தை எடுங்கள். ஒரு பூனையும் ஒரு நாயும் சேர்ந்து போகும், ஒரே திரையில் இரண்டு பேரும் ஆடலாம். இரண்டாவது கன்ட்ரோலர் வேண்டும், பொத்தான்களை அழுத்திப் பார்த்து வாங்க மறக்காதீர்கள். அடுத்த ஏப்ரலுக்கு எங்கள் வீட்டில் ஒன்று வாங்கி டின்னில் போட்டு வைத்தாயிற்று. பூனை அப்பா, நாய் நான்.